கூடிச் செல்லும் படகுகள்

தமிழகத்தின் கீழைக் கடற்கரை, இயற்கைத் துறைமுகங்கள் அமையப்பெறாத கரையாகும். புதுச்சேரிக்கு வடக்கே, குயிலாப்பாளையத்தை அடுத்த கடலோரத்தில் நின்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அங்கே கடலுக்கும் கரைக்கும் இடையே தடுப்பு ஒன்றும் இல்லை. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மணலில் மோதி உடைகின்றன. அவற்றைக் கடந்து கட்டுமரம் செலுத்துதல், தலைமுறை தலைமுறையாகக் கடலோடு பழகிய மீனவர்க்கே கைவந்த கலை. புதிதாகப் படகோட்டக் கற்பார்க்கு அஃது உரிய இடமன்று.

அங்கிருந்து வடக்கே மரக்காணத்தை நோக்கிச் சென்றால் வேறொரு காட்சி தோன்றும். மணல்மேடுகளுக்குப் பின்னே கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை கிடக்கின்றது. ஓர் ஓடையும் எடையன்திட்டுக் கழிமுகமும் அதனைக் கடலோடு இணைக்கின்றன. உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்துள்ளன. சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாயும் இப்பகுதியை வந்தடைகின்றது. கடலின் உப்பும் ஓதமும் இங்கே உண்டு. அதன் சீற்றம் இல்லை. இவ்வாறு கரையால் காக்கப்பெற்ற நீரே சிறு படகுகளுக்கு ஏற்றது.

இக்கரையில் கலம் செலுத்தும் வழக்கம் மிகப் பழைமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்புளூசு என்னும் கடல்வழி நூல், சோபட்மா என்ற துறையைக் குறிப்பிடுகின்றது. அது மரக்காணமே என்றும், சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் அதுவே என்றும் அறிஞர் பலர் கருதுவர். கரையோரமாகச் செல்லும் கலங்களையும், பல மரங்களை ஒன்றாகப் பிணைத்த பெருங்கலங்களையும் அந்நூல் சுட்டுகின்றது. தனி மரம் தாங்காத அலையைப் பிணைந்த மரங்கள் தாங்கும் என்பதை அந்நாளிலேயே மக்கள் அறிந்திருந்தனர்.

பக்கிங்காம் கால்வாய் மக்கள் உழைப்பால் உருவானது. சென்னைக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதி 1806-ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டது. பின்னர் அது வடக்கிலும் தெற்கிலும் பகுதி பகுதியாக நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாகத் தோண்டப்பட்டது. பசித்தவர் கூலிக்கு வெட்டிய அவ்வழிக்கு, அக்காலத்துச் சென்னை ஆளுநராகிய பக்கிங்காம் பிரபுவின் பெயர் இடப்பட்டது. ஆந்திரப் பகுதியையும் சேர்த்து இதன் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ.; தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 163 கி.மீ.

நெல்லும் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் இக்கால்வாயில் நிறைந்து சென்றன. காற்று வாய்த்தபோது பாய் விரித்தனர். வாய்க்காதபோது கழியூன்றித் தள்ளினர். கரையில் நடந்தே கயிற்றால் இழுத்தனர். ஓதத்தின் ஏற்றவற்றம் அறிந்தே பயணத்தைத் தொடங்கினர். நீரைத் தேக்கும் மதகுக் கதவுகளின் முன் படகுகள் முறை வைத்துக் காத்துநின்றன. தொடர்வண்டியும் லாரியும் பெருகியபின் இப்போக்குவரத்துக் குன்றியது. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களால் கால்வாய் மேலும் சிதைவுற்றது.

பிழைப்புக்காகப் படகோட்டிய அக்காலம் மறைந்தபோதும், பயிற்சிக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் படகோட்டுவோர் பல இடங்களில் உள்ளனர். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்குள் பாய்மரப் படகு செலுத்தும் கழகம் ஒன்று 1911-இல் சர் பிரான்சிசு சுபிரிங் என்பவரால் நிறுவப்பெற்றது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுக் கழியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் ஒன்றை நடத்துகின்றது. உலகின் பல நாடுகளில் இத்தகைய குழாத்தினர், வார இறுதியில் பல படகுகளில் ஒருங்கே புறப்பட்டு, அலையடங்கிய நீர்வழியே சென்று, ஓரிடத்தில் தங்கி மீள்வர். இஃது அணிப்பயணம் எனத் தகும்.

அணிப்பயணத்திற்கு உரிய முறைகள் சில உண்டு. வழியறிந்தவர் முதற்படகில் செல்வர். தேர்ச்சி மிக்க மற்றொருவர் இறுதிப் படகில் வருவர். இவ்விருவர்க்கும் இடையே ஏனையோர் செல்வர். விரைந்து செல்லும் படகு அணியின் வேகத்தை வகுப்பதில்லை. மெல்லச் செல்லும் படகே அதனை வகுக்கின்றது. ஒரு படகு பின்தங்கினால் மற்றவை காத்துநிற்கும். புறப்படுமுன் அனைவரும் மிதவைச் சட்டை அணிவர். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ளோர்க்குக் கூறுவர்.

கலங்கள் மோதாமல் செல்வதற்கான அனைத்துலக விதிகள் 1972-இல் வகுக்கப்பெற்றன. குறுகிய நீர்வழியில் ஒவ்வொரு கலமும் தனக்கு வலப்புறக் கரையை ஒட்டியே செல்லவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வலப்புறம் திரும்புவதற்கு ஒரு குற்றொலியும், இடப்புறம் திரும்புவதற்கு இரு குற்றொலிகளும் எழுப்புவர். இரு கைகளையும் பக்கங்களில் நீட்டி, மெல்ல உயர்த்தித் தாழ்த்துதல் இடருற்றோர் காட்டும் குறியாகும். பாட்டறியாதாரும் மொழியறியாதாரும் இக்குறியை அறிவர்.

அலை அடங்கிய நீர், இடர் அற்ற நீர் அன்று. ஆழம் குறைந்த கழியில் ஓதம் வற்றினால் படகு சேற்றில் தங்கிவிடும். கழிமுகத்தை நெருங்கினால் வெளியேறும் நீரோட்டம் படகைக் கடலுக்கு ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் நிலைமையை விரைவில் மாற்றும். கழுவெளி 2021-இல் பறவைகள் காப்பகமாகவும், 2024-இல் இராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. தொலைநாடுகளிலிருந்து வந்து தங்கும் பறவைகளுக்கு அஃது அடைக்கலம். ஆதலின் வனத்துறையின் இசைவின்றி அங்கே படகு செலுத்தலாகாது. தமக்குப் பாதுகாப்புத் தேடுவோர் பிற உயிர்களின் பாதுகாப்பைக் குலைத்தல் முறையன்று.

அடைக்கலம் தரும் நீரின் அருமை 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று ஆழிப்பேரலை கரையேறியபோது, பாய்ந்து வந்த நீரில் பெரும்பகுதியைப் பக்கிங்காம் கால்வாய் தன்னுள் ஏற்று மீண்டும் கடலுக்குச் செலுத்தியது. அதனால் பலர் உயிர் பிழைத்தனர் என்பது ஆராய்ந்தோர் கண்ட முடிவு. பஞ்ச காலத்தில் மண் சுமந்தோர், நூற்றாண்டு கடந்து பிறக்கப்போவோர்க்கு அரண் அமைக்கின்றோம் என்று எண்ணியிருக்கமாட்டார்.

ஆகவே, அமைதியான நீர்வழி தானே நிலைப்பதில்லை. தூர்ந்தால் தோண்டவும், குப்பையும் கழிவும் சேராமல் காக்கவும் பலர் முயலவேண்டும். அவ்வழியில் இனிது செல்வதற்கும், முந்துவோர் பொறுத்தலும் பிந்துவோர் முயலுதலும் வேண்டும். புறப்பட்ட படகுகள் அனைத்தும் கரை சேர்ந்த பின்னரே அணிப்பயணம் முடிவுற்றதாகும். முதலில் வந்த படகுக்கு அங்கே பரிசில்லை. ஒருவரையும் விட்டுவிடாமல் வந்தோம் என்ற நிறைவே அனைவர்க்கும் பரிசாகும்.