சுவிட்ச் வாசலில் ஒரு காவல்

எங்கள் கிளை மண்டபத்தில் அலுவலகக் கணினி, டியூஷன் வகுப்புக் கணினிகள் எல்லாமே ஒரே சுவிட்சில்தான். ஒருநாள் வகுப்புப் பையன் ஒருவன், "அண்ணே, இது என்னா ஃபைல்?" என்று கேட்டான். பார்த்தால் உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்கள்! எனக்கு வியர்த்துவிட்டது.

அன்றே இரண்டையும் தனித்தனி விலானாகப் பிரித்தேன். அலுவலகம் 192.168.10.0, வகுப்பு 192.168.20.0. பிரித்தால் மட்டும் போதாது, தம்பி தங்கைகளே. லேயர் 3 சுவிட்ச், தடுக்கச் சொல்லாவிட்டால், ஒரு விலானிலிருந்து மற்றதற்கு அது பாட்டுக்குக் கடத்திவிடும். தடுக்கச் சொல்லும் விதிப் பட்டியல்தான் ஏசிஎல். நான் எழுதிய விதி (சிஸ்கோ சுவிட்ச்):

டினை ஐபி 192.168.20.0 0.0.0.255 192.168.10.0 0.0.0.255

முதலில் வருவது அனுப்புபவர், அடுத்தது பெறுபவர். 0 உள்ள இடம் அப்படியே பொருந்த வேண்டும். 255 உள்ள இடத்தில் எந்த எண்ணும் இருக்கலாம்.

இதை வகுப்பு விலானின் உள்வரும் பக்கத்தில் போட்டேன். "அண்ணே, லைன் போச்சு!" வகுப்பே கத்தியது. எஸ்பிஎம் பிள்ளைகளுக்கு அன்று இணையவழிப் பயிற்சி வேறு.

என்ன நடந்தது? சுவிட்ச் பட்டியலை மேலிருந்து படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும், கீழே பார்க்காது. எதுவுமே பொருந்தாவிட்டால்? பட்டியலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது: எல்லாவற்றையும் தடு. என் பட்டியலில் அனுமதி என்று ஒன்றுமே இல்லையே! கடைசியில் 'பெர்மிட் ஐபி எனி எனி' சேர்த்ததும் லைன் வந்தது. அதையே முதல் வரியாகப் போட்டிருந்தால் தடை விதிக்கு வேலையே இருந்திருக்காது.

மறுநாள் இன்னொரு கூத்து. அலுவலகத்திலிருந்து வகுப்பறை பிரிண்டருக்கு அச்சு போகவில்லை. இந்த வகை விதிக்கு ஞாபகசக்தி கிடையாது. பிரிண்டர் அனுப்பும் பதிலும் வகுப்பிலிருந்து அலுவலகத்துக்குப் போகும் பொட்டலம்தானே, அதையும் தடுத்துவிட்டது. தடை விதியின் எண் 10. அதற்கு மேலே 5 என்று எண் கொடுத்து, அதே முகவரிகளோடு 'பெர்மிட் டிசிபி', கடைசியில் 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று சேர்த்தேன். டிசிபி பதில்கள் மட்டும் போக வழி கிடைத்தது.

இப்போதெல்லாம் விதியில் கை வைக்கும் முன் அமைப்பைச் சேமித்து, 'ரீலோட் இன் 10' அடித்துவிடுகிறேன். என்னையே நான் வெளியே பூட்டிக்கொண்டாலும், 10 நிமிடத்தில் சுவிட்ச் பழைய அமைப்போடு எழும்பிவிடும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்'. அதற்குப் பிறகுதான் புதியதைச் சேமிப்பேன்.