அந்தலூசியக் குதிரைக்கு 40 நாள் கெடு

கேள்வி: ஸ்பெயினில் ஹெரெஸ் நகரில் வசிக்கிறோம். மகள் குதிரையேற்றம் பழகுகிறாள். பக்கத்து ஊர்க் குதிரைத் தரகர் ஏழு வயது வெள்ளைக் குதிரையைக் காட்டி, "அசல் அந்தலூசியன், பேப்பர் பிறகு வரும்" என்கிறார். முழுத் தொகையும் ரொக்கமாக வேண்டுமாம். வாங்கிய பின் நொண்டினால் சட்டம் கைகொடுக்குமா?

பதில்: கைகொடுக்கும். ஆனால் அவகாசம் மிகக் குறைவு.

மறைந்த குறையுள்ள விலங்கைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க, அது கைக்கு வந்த 40 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது ஸ்பெயின் சிவில் சட்டத்தின் 1496-ஆம் பிரிவு. உள்ளூர் வழக்கம் வேறானால் இந்தக் கெடு கூடலாம், குறையலாம். சலவை எந்திரத்துக்கு உள்ள மூன்றாண்டு உத்தரவாதம் குதிரைக்குக் கிடையாது. நுகர்வோர் சட்டத்தின் அந்தப் பகுதி உயிருள்ள விலங்குகளை விலக்கிவிட்டது. போதாததற்கு, 2025 ஏப்ரல் முதல் சமரச முயற்சி செய்த பிறகே சிவில் வழக்குக்குப் போக முடியும். "இன்னும் பத்து நாள் பார்க்கலாம்" என்று விற்றவர் சொல்வதை நம்பிக் காத்திருப்பவர்தான் தோற்கிறார்.

குதிரை வாங்கிய மூன்று நாளுக்குள் இறந்து, நோய் முன்பே இருந்ததென நிபுணர்கள் சொன்னால் விற்றவரே பொறுப்பு.

கண்ணுக்குத் தெரிந்த குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல. வெள்ளைக் குதிரைகளுக்கு வயதாகும்போது வாலடியில் கரும்புற்றுக் கட்டி வருவது சாதாரணம். பார்த்தால் தெரியும் கட்டியைச் சொல்லிப் பிறகு வழக்காட முடியாது. ஆகவே வாங்குபவர் தாமே அமர்த்திய கால்நடை மருத்துவரைக் கொண்டு, காலை மடக்கி ஓடவிட்டுப் பார்ப்பதும் எக்ஸ்ரேயும் அவசியம். ரத்த மாதிரியும் எடுத்து வைக்கட்டும்; ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலிமருந்து நொண்டலைச் சில நாள் மறைத்துவிடும். மருத்துவர் அறியாமையாலோ கெட்ட எண்ணத்தாலோ குறையைச் சொல்லாவிட்டால், நஷ்டஈடு அவர் தலையில் விழும். 1495-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.

இனி, "பிறகு வரும்" என்ற பேப்பர். இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து இதுதான். ஸ்பெயினில் பதிவாகும் இனத்தின் பெயர் 'பூரா ராசா எஸ்பஞோலா'. 1912-இல் தொடங்கிய அதன் வம்சாவளிப் பதிவேட்டை இப்போது 'ஆன்ஸே' என்ற வளர்ப்போர் சங்கம் நடத்துகிறது. தாய் தகப்பன் யார் என்று டிஎன்ஏ சோதனையில் உறுதியானால்தான் குட்டி பதிவேறும். கலப்புக் குதிரையையும் சந்தையில் 'அந்தலூசியன்' என்று விற்கலாம். பதிவேட்டில் ஏற்ற முடியாது. கழுத்திலுள்ள சிப்பின் எண், குதிரைப் பாஸ்போர்ட், உரிமை அட்டை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உரிமை அட்டையில் தரகர் பெயர் இல்லையென்றால், உரிமையாளரே கையெழுத்திட வேண்டும்.

வாய்மொழி ஒப்பந்தமும் ஸ்பெயினில் செல்லும். ஆனால் 'அசல் இனம்' என்று சொன்னதற்கு நாளை சாட்சி வேண்டுமே! இனம், சிப் எண், எதற்காக வாங்கப்படுகிறது, ஒப்படைத்த தேதி ஆகியவற்றை எழுதி வாங்குவது கட்டாயம்.

ரொக்கமும் ஆகாது. ஒரு தரப்பு வியாபாரியானால் 1,000 யூரோவோ அதற்கு மேலோ உள்ள பரிவர்த்தனைக்கு ரொக்கம் தடை. மீறினால், ரொக்கமாகக் கொடுத்ததில் 25 சதவீதம் அபராதம்; குதிரையை வாங்கியவரிடமும் வசூலிக்கலாம்.

சிப் எண்ணை வாங்கிச் சங்கத்தில் சரிபார்க்கும் வரை வாசகர் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.