'ஸ்டைஃப்ளிங்' என்ற ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் நம் வியாபாரிகளை இடறச் செய்யும் சொற்களில் 'ஸ்டைஃப்ளிங்' ஒன்று. எழுத்தைப் பார்த்து 'ஸ்டிஃப்ளிங்' என்று வாசிப்போரும் உண்டு, அது பிழை. 'ஸ்டைஃபிள்' என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. காற்றில்லாமல் மூச்சு முட்டச் செய்தல், வெளிவர விடாமல் அடக்குதல் என்று இதற்கு இரண்டு அர்த்தங்கள்.

இரண்டாவதை முதலில் முடித்துக் கொள்வோம். தொழுகையில் வரும் கொட்டாவியை அடக்கினால் அதுவும் 'ஸ்டைஃபிள்'தான். வாடகையும் லைசென்ஸ் கட்டணமும் சிறு வியாபாரியைத் தலைதூக்க விடாமல் அமுக்கினாலும் இதே சொல்லை எழுதலாம்.

முதல் அர்த்தத்தில்தான் சிக்கல். மழைக்கு முந்திய மத்தியானத்தில், மலாக்காக் கடைவீட்டு மாடியில் ஜன்னலை அடைத்துக் கொண்டு உட்கார்ந்தால் வருவது புழுக்கம். அதற்கு 'ஸ்டைஃப்ளிங்' மிகப் பொருத்தம். புகைக்கு அந்த அளவு பொருத்தமில்லை. 2013 ஜூனில் காட்டுத்தீப் புகை வந்து, நமக்கு அடுத்த மூவாரில் காற்றுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்களே, அத்தகைய புகை தொண்டையை அடைப்பது. அதற்கு 'சோக்கிங்' என்று எழுதுவது மேல்.

காற்றே இல்லாமல் உயிர் போகும் நிலைக்கு 'ஸஃபொகேஷன்' என்று வேறு சொல் இருக்கிறது. மலாய்க்காரர் இதற்கு 'லெமாஸ்' என்பர். தண்ணீரில் மூழ்கிச் சாவதற்கும் அவர்களிடம் அதே சொல். 1921 நவம்பரில் திரூரிலிருந்து மாப்பிள்ளைக் கைதிகள் சுமார் 100 பேரைச் சரக்கு வண்டி ஒன்றில் அடைத்து ரயிலில் அனுப்பினார்கள். கோயமுத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணங்கள் கிடந்தன. பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 70 பேர் மௌத்தானார்கள். காற்றுத் துவாரங்களின் கம்பி வலையைப் பெயிண்டும் தூசியும் அடைத்திருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. இதைப் போய் 'ஸ்டைஃப்ளிங்' என்று எழுதினால், வண்டியில் கொஞ்சம் புழுக்கமாக இருந்தது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

நம் கடிதங்களிலும் இப்படி நேரலாம். கிட்டங்கியில் மூட்டை அடுக்கிய சிப்பந்தி மூச்சுத் திணறி மயங்கி விழுந்தார் என்று வைத்துக் கொள்வோம். முதலாளி தமக்குத் தெரிந்த ஒரே சொல்லைப் போட்டு, 'கிட்டங்கி ஸ்டைஃப்ளிங்காக இருந்தது' என்று இன்ஷூரன்ஸுக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ எழுதினால், அது வெயில் பற்றிய முறையீடாகவே போய்ச் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைப்பது அதனால் தாமதப்படலாம். விழுந்த நேரம், எத்தனை ஜன்னல், அவற்றில் எது திறந்திருந்தது என்று எழுதிவிட்டு, மூச்சுத் திணறியதை 'ஸஃபொகேஷன்' என்றே குறிப்பிட வேண்டும்.

இந்த இரண்டு சொற்களும் உதவாத இடமும் ஒன்றுண்டு. அடைத்த அறையில் சத்தே அடுப்புக் கரியை மூட்டி வைத்தாலும், மின்சாரம் போன இரவில் ஜெனரேட்டரைக் கடைக்குள்ளேயே ஓட்டினாலும், கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வரும். அதற்கு வாசனையில்லை, நிறமில்லை. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் பிராணவாயு குறைவதால் அல்ல; நாம் வெளிவிடும் கரியமிலவாயு உடம்பில் சேருவதால்தான். இந்த வாயுவோ அப்படி முட்டச் செய்யாமலே இரத்தத்தில் கலந்து, பிராணவாயு ஏற இடமில்லாமல் செய்துவிடும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரலாம்; தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாமல் போகும். ஆகையால் 'அறை ஸ்டைஃப்ளிங்காக இல்லையே' என்று யாரும் தைரியம் கொள்வதற்கில்லை. கரியடுப்பும் ஜெனரேட்டரும் வீட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அப்படி யாராவது மயங்கிவிட்டால், அவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து 999க்கு அழைக்கும்போது சொல்ல வேண்டிய ஆங்கிலம் 'காஸ் பாய்ஸனிங்' என்பது.