தோட்டத்து வீட்டில் விருந்தினர்

ஏற்காடு, தாண்டிக்குடி போன்ற மலைப் பகுதிகளில் காப்பி விவசாயிகள் சிலர் தோட்டத்து வீட்டில் ஓர் அறையை நாள் வாடகைக்கு விடுகின்றனர். பட்டணத்துக் குழந்தைகளுக்குத் தரைமட்டக் கிணற்றின் ஆபத்து தெரியாது. எனவே கட்டில், மெத்தை வாங்குமுன் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, மேலே கம்பி வலை போடுதல் வேண்டும். மோட்டார் அறையும் பூச்சிமருந்தும் பூட்டில் இருக்கட்டும். காலி மருந்து டப்பாவில் தண்ணீர் வைப்பது அறவே கூடாது. மருந்தடித்த செடியில், டப்பாவில் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் விருந்தினரைக் காய் பறிக்க விடலாகாது. மலக்குழி கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளியிருத்தல் நலம். குடிநீரைக் கொதிக்க வைத்தே தர வேண்டும். விருந்துச் சமையல் தேவையில்லை. கீரையும் ரசமும் போதும். காரம் மட்டும் கேட்டுப் போடலாம். வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் வந்தவுடனே சொல்லிவிட வேண்டும். புறப்படும்போது கூட்டிச் சொன்னால் மனஸ்தாபமே மிஞ்சும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.