படிப்பில் மனம் நிலைக்காத பிள்ளைகள்
(பெற்றோருக்கு ஒரு பாடம்)

நம் வியாபாரிகளிற் பலர் பிள்ளைகள் விழிக்குமுன் கடைக்குச் சென்று, அவர்கள் உறங்கிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பிள்ளையைப் பற்றி அவர்கள் கேள்விப்படுவதெல்லாம் பள்ளியிலிருந்து வரும் புகார்தான். "வகுப்பில் கவனிப்பதில்லை; வீட்டுப்பாடம் முடிப்பதில்லை" என்றதும், "சோம்பேறி, இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அடியும் விழுகிறது. இத்தீர்ப்பு சரிதானா?

கவனக் குறைவுக் கோளாறு என்பது புதிதாய் வந்ததன்று. 1798ல் ஸ்காட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரிக்டன் இத்தகைய நிலையை விவரித்து எழுதினார். 1902ல் லண்டனில் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில், அறிவிற் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரையாற்றினார். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதற்குக் கவனக் குறைவுக் கோளாறு என்று பெயரிட்டது. இன்று ஏ.டி.எச்.டி. என வழங்குவதும் இதுவே.

அடையாளங்கள் இரு வகைப்படும்.

1. கவனக் குறைவு: தொடங்கியதை முடியாமை, பென்சில், புத்தகங்களை அடிக்கடி தொலைத்தல், நேரில் பேசும்போதே காதில் விழாதவன்போல் இருத்தல், தெரிந்த கணக்கிலும் கவனப்பிழை செய்தல்.

2. மிகைத் துடிப்பு: இருக்கையில் நில்லாமை, கேள்வி முடியுமுன் விடை கூறுதல், தன் முறை வரும்வரை பொறுக்காமை.

இவை எல்லாப் பிள்ளைகளிடமும் ஓரளவு உண்டே எனலாம். உண்மைதான். ஆகவே மருத்துவர் ஓர் அளவுகோல் வைத்துள்ளனர். ஒரு வகைக்குரிய ஒன்பது அடையாளங்களில் ஆறேனும், ஆறு மாதமேனும் நீடித்திருத்தல் வேண்டும். சில அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலேனும் காணப்பட்டு, பிள்ளையின் வாழ்வைப் பாதித்திருத்தல் வேண்டும். கண்பார்வை, செவி, உறக்கம் ஆகியவற்றில் குறை உண்டா என்பதையும் பார்ப்பார்கள்.

"கணினி விளையாட்டில் மட்டும் இரண்டு மணி நேரம் அசையாது உட்காருகிறானே?" என்று கேட்பவர் உண்டு. விளையாட்டில் நொடிக்கு நொடி பலன் கிடைக்கிறது. பாடத்தின் பலனோ பல நாள் கழித்தே வரும். கவனமே இல்லை என்பதன்று குறை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாமையே குறை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் அதிக விழிப்பு வேண்டும். ஓடியாடாமல், கனவு காண்பவள்போல் அமைதியாய் அமர்ந்திருப்பவளைப் பற்றிப் புகார் வராது. குறையும் வெளிப்படாமற் போகும்.

இது தாயின் வளர்ப்புக் குற்றமன்று. இனிப்புத் தின்பதாலும் வருவதன்று. மூளை வளர்ச்சியின் வேறுபாட்டால் வருவது. பெரும்பாலும் பரம்பரையில் தொடர்வது.

செய்ய வேண்டியது யாது? முதலில் ஒரு நாள் கடையை மற்றவரிடம் ஒப்படைத்து, வகுப்பாசிரியரை நேரிற் கண்டு பேசுங்கள். சிங்கப்பூரில் பள்ளி ஆலோசகர் மூலமோ பாலிகிளினிக் டாக்டர் மூலமோ நிபுணரிடம் செல்லலாம். மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் கேட்கலாம். மருந்து பலருக்குப் பயன் தருகிறது. ஆயினும் பசியும் உறக்கமும் குறையக்கூடும். டாக்டரைக் கேளாமல் அதை நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலையே சொல்லுங்கள். கடைப் பையனிடம் ஐந்து வேலையை ஒருசேரச் சொன்னால் இரண்டு மறந்துபோவதை நாம் அறிவோமன்றோ? பாடத்தைச் சிறு சிறு பகுதியாக்குங்கள். புத்தகப் பையை இரவிலேயே அடுக்கச் செய்யுங்கள். முடித்ததை அப்போதே பாராட்டுங்கள்.

பேரேட்டில் கணக்கு உதைத்தால், பிழை எங்கே என்று தேடுகிறோமேயன்றி ஏட்டைக் கிழித்தெறிவதில்லை. "படிப்பு வராது" என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கடையில் உட்காரவைக்க எண்ணும் தந்தையர், அதற்கு முன் ஒரு முறை டாக்டரிடம் காட்டுவார்களாக.