பாவித்த வெல்டிங் மெஷின்: புதுப் பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை போனால் வெல்டிங் வேலை நடக்காத ஊரைக் காண்பது அரிது. வீட்டு கேட், கூரைச் சட்டம், உழவு இயந்திரப் பெட்டி, தோட்டத்துப் பம்புக்கு ஸ்டாண்ட், வள்ளம் ஏற்றும் ட்ரெயிலர், உல்லாச விடுதிகளுக்குப் படிக்கட்டு என்று ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தொழிலைத் தொடங்க விரும்பும் இளைஞர்களும், கடையில் மெஷின் வைத்து விற்கும் வியாபாரிகளும் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பாவித்த மெஷின், புதிதாகப் பெயின்ட் அடித்து வேறு பெயர் ஒட்டியிருக்கிறார்கள். சொல்லும் விலைக்கு வாங்கலாமா?"

கேள்வி நியாயமானது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருள் எதுவானாலும் அதன் பிறகு பழைய விலைக்குத் திரும்பவில்லை. கையில் இருக்கும் சிறு முதலுக்கு ஏற்றது பாவித்த மெஷின்தான் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். சிலர் மனைவியின் நகையை வைத்துத்தான் இந்த முதலைத் தேடுகிறார்கள். ஆகவே வாங்குவதற்கு முன்னர் எதைப் பார்ப்பது, எப்படிக் கணக்குப் போடுவது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பெயர் மாறுவது குற்றமா?

ஒரு தொழிற்சாலையில் செய்த மெஷின் பல பெயர்களில் விற்கப்படுவது உலக வழமை. அமெரிக்காவின் மில்லர், ஹோபார்ட் ஆகிய இரண்டு பழைய வெல்டிங் நிறுவனங்களும் 1990களில் ஒரே குழுமத்தின் கைக்கு வந்தன. இன்றும் இரண்டு பெயர்களிலும் மெஷின்கள் விற்பனையாகின்றன. சீனத் தொழிற்சாலைகள் கேட்பவரின் பெயரைப் போட்டு, கேட்கும் நிறத்தில் மெஷின் செய்து கொடுக்கின்றன. அதை இறக்குமதி செய்பவர் தன் பெயரில் விற்று, உத்தரவாதமும் தந்து, உதிரிப்பாகமும் வைத்திருந்தால் அதில் பிழையில்லை.

பாவித்த மெஷினின் உண்மையான தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஸ்டிக்கர் ஒட்டுவது வேறு விடயம். அங்கே பெயரோடு சேர்ந்து மெஷினின் வயதும், வலிமையும், பிறந்த இடமும் மறைக்கப்படுகின்றன. உதிரிப்பாகம் தேடும் வழியும் அடைபட்டுப் போகிறது. எனவே நான் சொல்லும் முதல் விதி இதுதான்: தகடு இல்லாத மெஷினைப் பெயர் இல்லாத மெஷினாகவே விலை பேசுங்கள். ஸ்டிக்கரில் எந்தப் பெயர் இருந்தாலும் அதற்குத் தனியாக ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

1. தகட்டை வாசியுங்கள்

நல்ல மெஷினின் பின்புறத்திலோ பக்கத்திலோ ஒரு தகடு இருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர், தொடர் இலக்கம் என்பவற்றோடு, டியூட்டி சைக்கிள் என்ற ஒரு வீதமும் அதில் இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்பதையே அது சொல்கிறது. 200 அம்பியரில் 60 வீதம் என்றால் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. 20 வீதம் என்றால் இரண்டு நிமிடம் மட்டுமே. சர்வதேசத் தரத்தின்படி இந்த அளவு 40 பாகை வெப்பத்துக்குக் கணிக்கப்பட வேண்டும். 200 என்று பெரிதாக எழுதி, வீதத்தைச் சொல்லாத மெஷின் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

2. உங்கள் வீட்டுக் கரண்ட் தருவது எவ்வளவு?

லேபிளில் 300 அம்பியர் என்று கண்டவுடன் பலர் மயங்கிவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குச்சி வெல்டிங்கில் அம்பியரை 0.04 ஆல் பெருக்கி 20 ஐக் கூட்டினால் வெல்டிங் நடக்கும்போது வேண்டிய வோல்ட் கிடைக்கும். இது தரக் கணக்கு. 200 அம்பியருக்கு 28 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் மெஷின் இழுப்பது 6,600 வாட் அளவில் வரும். 230 வோல்ட் கரண்டில் இது 29 அம்பியர். மலிவான இன்வேர்ட்டர் மெஷின்கள் கரண்டைச் சீராக இழுப்பதில்லை என்பதால் அவற்றில் இது 40 அம்பியர் வரை போகும்.

எமது வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் உள்ள சிங்கிள் பேஸ் இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர். அப்படியென்றால் 300 அம்பியர் மெஷினை உங்கள் இணைப்பில் முழுதாக ஓட்டவே முடியாது. 13 அம்பியர் பிளக்கில் செருகினால் தொடர்ந்து கிடைப்பது 80 முதல் 100 அம்பியர்தான். 10 கேஜ் குச்சிக்கு, அதாவது 3.2 மில்லிமீற்றர் குச்சிக்கு, 100 முதல் 130 அம்பியர் போதும். அதை உண்மையாகத் தரும் மெஷினே கேட், ட்ரெயிலர் வேலைக்குப் போதுமானது. பாவிக்க முடியாத அம்பியருக்கு ஏன் காசு?

3. ஜப்பான் மெஷினா? வோல்ட்டைப் பாருங்கள்

ஜப்பானில் பாவித்து வரும் மெஷின்களுக்கு இங்கே நல்ல பெயர் உண்டு. அவற்றில் பல உண்மையிலேயே உறுதியானவை. ஆனால் ஜப்பானின் பட்டறை மின்சாரம் 200 வோல்ட். எமது சிங்கிள் பேஸ் 230, த்ரீ பேஸ் 400. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 50.

60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த பழைய ட்ரான்ஸ்போமர் மெஷினை 50 இல் ஓட்டினால், அதன் இரும்புக்குள் காந்தச் சுமை 20 வீதம் கூடும். 200 வோல்ட் மெஷினை 230 இல் நேராக இணைத்தால் இன்னும் 15 வீதம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 38 வீதம். மெஷின் சும்மா நிற்கும்போதே சூடாகி, உறுமி, சில மாதங்களில் சுருள் கருகிவிடும். தகட்டில் 50/60 என்று இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட் மாற்றும் ட்ரான்ஸ்போமர் தேவையென்றால் அதன் விலையையும் மெஷின் விலையோடு கூட்டுங்கள். தகடு கழற்றப்பட்டிருந்தால் இதை அறிய வழியே இல்லை.

4. மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

வெளிப் பெயின்ட் எந்த வயதையும் மறைக்கும். உள்ளே மறைப்பது கடினம். விற்பவரின் ஆளைக் கொண்டே மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம். இன்வேர்ட்டர் மெஷினில் பிளக்கைக் கழற்றிய பின்னரும் கெப்பாசிட்டருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம்.

ஆணித் தலைகளில் பெயின்ட் படிந்திருக்கிறதா? பச்சைப் பாசி பிடித்த செம்பு, வெள்ளைப் பூ பூத்த அலுமினியம், கருகிய வாடை இருக்கிறதா? போர்ட்டில் அச்சிட்ட பெயரையும் திகதியையும் பாருங்கள். ஸ்டிக்கரில் ஒரு பெயரும் போர்ட்டில் வேறு பெயரும் இருந்தால், போர்ட்டில் உள்ளதே மெஷினின் சொந்தப் பெயர். உதிரிப்பாகம் தேட அதுதான் உதவும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்ட்டில் உள்ள சிறு கறுப்பு ஐசிகள் பலவற்றில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1432 என்றால் 2014 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம். எல்லாமே 2014 ஆக இருக்க, "இரண்டு வருடம்தான் பாவித்தது" என்று விற்பவர் சொன்னால், மீதி வருடங்கள் எங்கே என்று கேட்கலாம்.

கற்பிட்டிக்கு இது இன்னும் முக்கியம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக் காற்றை மெஷினின் விசிறியே உள்ளே இழுத்து போர்ட்டின் மேல் படிய வைக்கிறது. ஐபி 21, ஐபி 23 என்று எழுதியிருப்பது மழைத்துளிக்கான பாதுகாப்பு. உப்புக்கு அது உத்தரவாதம் தராது. இன்வேர்ட்டர் மெஷின் இலேசானது, கரண்டும் குறைவாக இழுக்கும். ஆனால் ஈரமும் உப்பும் அதற்குப் பகை. செம்புச் சுருள் ட்ரான்ஸ்போமர் பாரமானது, கரண்டை விழுங்கும். ஆனால் கரையோரத்தில் பல காலம் தாங்கும். சுருள் செம்பா அலுமினியமா என்பதை முனையில் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியம் வெள்ளி நிறம். கரண்டைக் கடத்துவதில் அது செம்பில் ஏறக்குறைய 60 வீதம்தான். செம்பு விலைக்கு அலுமினியத்தை வாங்காதீர்கள்.

5. ஐந்து குச்சி எரியுங்கள்

கடையில் ஒரு பொறி காட்டுவது பரீட்சையாகாது. நீங்கள் வழமையாகப் பாவிக்கும் குச்சியையும் இரும்பையும் கொண்டு போங்கள். 3.2 மில்லிமீற்றர் குச்சி ஒன்று எரிய ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும். ஐந்து குச்சியை இடைவிடாமல் எரித்தால் ஆறு நிமிடம் வரும். அதற்குள் மஞ்சள் லைட் எரிந்து மெஷின் நின்றால், 60 வீதம் என்ற பேச்சு பொய். மெஷினின் திரையில் காட்டும் அம்பியரை நம்ப வேண்டாம். டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றரை கேபிளில் மாட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். மீற்றர் உள்ள மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

6. உயிரோடு விளையாட வேண்டாம்

விலையை விடப் பெரிய விடயம் இது. பழைய மெஷினில் ஈரம் ஏறிச் சுருளின் காப்பு கெட்டால், 230 வோல்ட் பெட்டிக்கோ வெல்டிங் கேபிளுக்கோ வந்துவிடும். ஈர மணலில், வியர்வை நனைந்த சட்டையோடு வேலை செய்பவருக்கு அது மரணம். எலக்ட்ரீஷியனிடம் உள்ள மெகர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். கரண்ட் வரும் பக்கத்துக்கும் வெல்டிங் பக்கத்துக்கும் இடையில் குறைந்தது 5 மெகாஓம், கரண்ட் பக்கத்துக்கும் பெட்டிக்கும் இடையில் குறைந்தது 2.5 மெகாஓம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஏர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத பட்டறையில் எந்த மெஷினும் ஆபத்துத்தான்.

7. இப்போது விலைக் கணக்கு

கணக்குக்காக ஓர் உதாரணம். உத்தரவாதத்துடன் புதிய மெஷின் 60,000 ரூபா என்று வைப்போம். பெயர் மாற்றிய பாவித்த இன்வேர்ட்டர் 35,000. பார்த்தவுடன் 25,000 இலாபம் போலத் தெரியும். கேபிளும் ஹோல்டரும் ஏர்த் கிளாம்பும் மாற்ற 8,000, விசிறியும் சில்லறைத் திருத்தமும் 5,000 என்றால் 48,000 ஆகிவிட்டது. புதியது மூன்று வருடம், வருடத்துக்கு 250 நாள் உழைத்தால் நாளொன்றுக்கு 80 ரூபா. பாவித்தது ஒன்றரை வருடத்தில் ஓய்ந்தால் நாளொன்றுக்கு 128 ரூபா. மலிவாக வாங்கியதே விலை கூடியதாகிறது. திருத்தும் நாட்களில் போகும் கூலியையும், கைமாறிப் போகும் வாடிக்கையாளரையும் இதில் நான் சேர்க்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. தகடு இருக்கும், செம்புச் சுருள் உள்ள, மெகரில் தேறிய பழைய ட்ரான்ஸ்போமர் 45,000 க்குக் கிடைத்து ஆறு வருடம் உழைத்தால், நாளொன்றுக்கு 30 ரூபாதான். கரண்ட் பில் கூடும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். ஆகவே பாவித்தது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், மலிவு என்பதற்காக அள்ளவும் வேண்டாம். கேட்கும் விலையோடு செலவைக் கூட்டி, மெஷின் உழைக்கும் நாட்களால் பிரியுங்கள். வரும் தொகை புதியதன் நாள் தொகையை விடக் குறைவாக இருந்தால் வாங்குங்கள். வயதே தெரியாத மெஷினுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள்.

விற்கும் சகோதரர்களுக்கு

மெஷின் விற்பவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாவித்ததைத் துடைத்து, திருத்தி, நியாயமான இலாபம் வைத்து விற்பது நல்ல வியாபாரம். சிறு முதலுள்ளவனுக்கு அது உதவியும்கூட. ஆனால் பில்லில் "பாவித்தது" என்று எழுதிக் கொடுங்கள். பழைய தகட்டைக் கழற்றாதீர்கள். ஒரு மாதமாவது திருத்தித் தருவதாகக் கையெழுத்திடுங்கள். பாவித்ததைப் புதியது என்று காட்டி விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியதும் அதே சட்டத்தின் கடமை. சட்டம் ஒருபுறமிருக்க, பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது எமது மார்க்கம் வியாபாரிக்கு இட்ட கட்டளை என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்குபவர்களே, பில்லில் மெஷினின் தொடர் இலக்கமும், பாவித்தது என்ற சொல்லும், சொன்ன அம்பியரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே காசை எண்ணுங்கள். வாயால் சொன்னதை எழுதித் தர மறுப்பவரிடம் மெஷின் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வாருங்கள். கையிலுள்ள முதல் பத்திரமாக இருந்தால் அடுத்த வாரம் வேறொரு கடையில் நல்ல மெஷின் கிடைக்கும்.