ஆய்வுக் கட்டுரைக்குக் காசு கட்டும் முன்

இந்துக் கல்லூரி ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்கும் சேக்காட்டுக்காரர்கள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சைதாப்பேட்டை அரசுக் கல்வியியல் கல்லூரியில் எம்.எட். படிக்கிறார். எதிர் நடைமேடையில் நிற்பவர் திருவள்ளூர் பக்கம் ஒரு சுயநிதி பி.எட். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிறார். இருவருக்கும் வேண்டியது குழந்தைகளின் வாசிப்புத் திறன் பற்றிய ஒரே கட்டுரை. முதலாமவருக்கு அதைக் காசில்லாமல் படிக்க வழி இருக்கிறது. இரண்டாமவரின் திரையில் டாலரில் ஒரு விலை வந்து நிற்கிறது. பலர் அதோடு தேடுவதை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம்.

முதலாமவருக்கு அந்த வழியைத் தரும் அரசுத் திட்டத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், டெய்லர் அண்டு பிரான்சிஸ், சேஜ் உள்ளிட்ட 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள் இதில் அடக்கம். அதற்கு முன் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் பத்து நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியே சந்தா கட்டிவந்தன. இப்போது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அந்த வேலையை ஒரே இடத்தில் பார்க்கிறது. மொத்தமாக வாங்கியது நல்ல முடிவு. ஊர்ப்புற அரசுக் கல்லூரிக்கும் ஐ.ஐ.டி.க்கும் ஒரே அலமாரி கிடைத்திருக்கிறது.

ஆனால் முதல் கட்டத்தில் இது ஒன்றிய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் மட்டும். தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். நாளைய ஆசிரியர்களை உருவாக்கும் இவர்கள் வெளியே நிற்பது எனக்கு ஏற்க முடியாத குறை. வரிப்பணம் எல்லோருடையதும்தானே?

சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்ப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது: உங்கள் சம்பளச் சீட்டு எந்த நிறுவனத்துடையது என்பதோடு விஷயம் முடிவதில்லை. உங்கள் பிஎச்.டி. பதிவு சென்னைப் பல்கலைக்கழகத்திலோ தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ இருந்தால், நீங்கள் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர். பதிவு ஆணையின் நகலோடு அந்தப் பல்கலைக்கழக நூலகருக்கு எழுதி, வீட்டிலிருந்தே படிக்கப் பயனர் கணக்கு கேளுங்கள். அரசு உதவிபெறும் கல்லூரியில் இருப்பவர்கள், தங்கள் கல்லூரிக்கு எந்தச் சந்தா நடப்பில் இருக்கிறது என்று நூலகரிடம் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள். கணக்குக் கிடைத்த உற்சாகத்தில் நூற்றுக்கணக்கில் இறக்க வேண்டாம். பதிப்பகம் முழு வளாகத்துக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

எதுவும் கைகூடவில்லையா? கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பலர் மகிழ்ச்சியோடு பிரதி அனுப்புவார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா' இருக்கிறது. எந்தக் கல்லூரி அடையாளமும் இல்லாமல் படிக்கலாம். உங்கள் தலைப்பில் யாராவது ஏற்கெனவே ஆய்வு செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டிய முதல் இடமும் அதுதான். தமிழில் தேடுவோருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களிடம் நம் மொழி ஆய்விதழ்களைத் தேடிப் பயனில்லை.

கல்வியியலுக்கென்றே அமெரிக்க அரசு 1966 முதல் நடத்திவரும் 'எரிக்' தரவுத்தளமும் எல்லோருக்கும் இலவசம். அதற்கும் ஓர் ஒருங்கிணைப்புக் கதை உண்டு. துறைவாரியாக இயங்கிய 16 மையங்களை 2003 இறுதியில் மூடி, எல்லாவற்றையும் ஒரே தளமாக்கினார்கள். தேடுவது எளிதானது. ஆனால் ஆசிரியர்கள் கேள்வி அனுப்பினால் பதில் எழுதிவந்த ஆட்கள் போய்விட்டார்கள். நம் கல்லூரி நூலகரோடு நல்ல பழக்கம் வைத்திருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பள்ளிகளைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. நம் ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவதைப் போல, நாடு முழுவதுக்குமான பள்ளி விவரம் யூடைஸ் பிளஸில் சேர்கிறது. 2022-23இல் அங்கே கணக்கெடுக்கும் முறை மாறியது. அதுவரை பள்ளிவாரி மொத்த எண்ணிக்கை, அதன்பின் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு. நாட்டின் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 26.5 கோடியிலிருந்து 25.2 கோடியாகத் தெரிவது இந்த மாற்றத்தையும் உள்ளடக்கியது. 'ஒரே ஆண்டில் ஒரு கோடிப் பேர் படிப்பை நிறுத்தினர்' என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். எந்த அறிக்கையை இறக்கினாலும் இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போடுங்கள்.

இணையத்தில் இல்லாததை எழுதிக் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். கேள்வியை ஆவணமாகக் கேளுங்கள். 'ஆவடிப் பள்ளிகளில் நூலகம் ஏன் சரியில்லை?' என்றால் பதில் வராது. 'ஆவடி மாநகராட்சி எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளிகளுக்கு 2023-24இல் நூலகப் புத்தகம் வாங்க ஒதுக்கிய தொகை, பள்ளிவாரி விவரத்தின் நகல்' என்றால் அலுவலர் கோப்பைத் திறந்தாக வேண்டும். அலுவலகம் மாறி அனுப்பிவிட்டாலும் பயமில்லை. பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வரவில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வந்த கடிதத்தின் எண்ணையும் தேதியையும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அப்படியே கொடுங்கள். வைவாவில் 'இந்தக் கணக்கு எங்கிருந்து கிடைத்தது?' என்று கேட்கும்போது, அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.